அடைக்கலம் தரும் கதவு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)





இவ்விழாவில் சில வார்த்தைகள் பேசும்படி சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டபோது, பொருளை நானே தெரிந்துகொள்ளலாம் என்றும் சொன்னார். குடும்பத்திற்குள் நடக்கும் வன்முறையைப் பற்றியும், அதனால் துன்புறுவோருக்குக் கைகொடுக்கும் ஸ்தாபனங்களை நாம் ஆதரிக்க வேண்டியதைப் பற்றியும் பேசப்போகிறேன் என்றேன். அவர் ஒரு கணம் தயங்கினார். “மங்களகரமான நாளில் இந்தப் பேச்சு பொருந்துமா, ஐயா?” என்று கேட்டார். அவர் கேட்டது நியாயமே. ஆயினும் மண்டபத்து வாசலில் வாழைமரம் கட்டிவிட்டால் மாத்திரம் மங்களம் வந்துவிடாது. நம் வீடுகளில் ஒரு தாய் அச்சமின்றி உறங்குகிறாளா என்பதும் மங்களத்தைச் சேர்ந்த விஷயமே. ஆகையால் பேசத் துணிந்தேன். பிழையிருப்பின் பொறுத்தருளுக.

முதலில் என்னுடைய பிழையொன்றைச் சொல்லிவிடுகிறேன்.

ஏறக்குறைய முப்பது வருடங்களுக்கு முன்பு, நானும் உங்களைப் போல ஓர் இளைஞனாகக் கோயில் தொண்டில் ஈடுபட்டிருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை பூசை முடிந்து, வெளி வீதியைக் கூட்டிக்கொண்டிருந்தோம். செருப்பு விடும் இடத்தில் ஓர் இளம்பெண் இடுப்பில் குழந்தையோடும் கையில் ஒரு பையோடும் உட்கார்ந்திருந்தாள். மலைப்பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து பஸ் ஏறி வந்தவள். உதடு வீங்கியிருந்தது. அங்கிருந்த பெரியவர் ஒருவரும் நானும் விசாரித்தோம். புருஷன் அடிப்பது அன்று நேற்றுத் தொடங்கியதன்று. அவள் முதலில் தகப்பன் வீட்டுக்குத்தான் போயிருக்கிறாள். தகப்பனோ, “உனக்குக் கீழே இரண்டு தங்கச்சிமார் இருக்கிறார்கள், அவர்களுக்கு ஒரு வழி பிறக்க வேண்டும், நீ திரும்பிப் போ” என்று சொல்லிவிட்டாராம். அதன்பிறகே கோயிலுக்கு வந்திருக்கிறாள்.

நாங்கள் என்ன செய்தோம்? அவளுக்குப் பிரசாதம் கொடுத்தோம். பெரியவர் அவள் நெற்றியில் திருநீறு பூசி, பொறுமையே பெண்ணுக்கு அழகு என்று அரைமணி நேரம் புத்தி சொன்னார். நான் நண்பர்களிடம் சில்லறை சேர்த்து, கடைசி பஸ்ஸில் அவளை ஏற்றிவிட்டேன். நல்ல காரியமொன்றைச் செய்துவிட்டோம் என்ற நிறைவோடு வீட்டுக்குப் போய் நன்றாக நித்திரையும் கொண்டேன்.

மறு வருடத் திருவிழாவில் அவளைக் கண்டேன். இடது கை முழங்கையில் நேராக நீளாமல் மடங்கியபடியே இருந்தது. குழந்தையை வலது கையால் மட்டும் பிடித்திருந்தாள். “எப்படித் தங்கச்சி இருக்கிறாய்?” என்று கேட்டேன். அவள் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. “அண்ணே, நீங்கதானே அன்னைக்குப் பஸ் ஏத்திவிட்டீங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கூட்டத்தோடு போய்விட்டாள்.

அன்பர்களே, அந்த ஒரு வாக்கியம் இன்றும் என் காதில் இருக்கிறது. அவளை அடித்தவன் ஒருவன். அவளை அவனிடமே திருப்பி அனுப்பியவர்கள் மூன்று பேர்: தகப்பன், பெரியவர், நான். மூவரும் நல்ல எண்ணத்தோடுதான் செய்தோம். நல்ல எண்ணம் மட்டும் போதாது என்பதை நான் அன்று கற்றுக்கொண்டேன். அப்போது எனக்கு வேறு வழியும் தெரிந்திருக்கவில்லை. இன்று உங்களுக்கு அந்தச் சாக்கு இல்லை. வழிகள் இருக்கின்றன. அவற்றைத்தான் சொல்ல வந்தேன்.

நமது பெரியபுராணத்தில் திலகவதியாரின் வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். தம்பி மருணீக்கியார் வேற்றுச் சமயம் சென்று, அங்கே பெரும் பதவியில் இருந்தார். பிறகு சூலை நோயினால் துடித்தபோது, இரவோடு இரவாகத் திருவதிகைக்கு வந்து தமக்கையாரின் மடத்து வாசலில் நின்றார். தமக்கையார் “ஏன் போனாய்?” என்று கேட்டுக் கதவை அடைக்கவில்லை, “ஊர் என்ன சொல்லும்?” என்று யோசிக்கவில்லை. திருநீறு அளித்து, உள்ளே அழைத்துச் சென்றார். அந்தக் கதவு அன்று திறந்திருந்தபடியால் அல்லவா நமக்கு அப்பர் சுவாமிகள் கிடைத்தார்!

துன்புற்று வந்த தம்பிக்குத் தமக்கையின் கதவு திறந்தது. துன்புற்று வரும் தமக்கைக்குத் தம்பியின் கதவு திறக்குமா? இதுவே இன்று நான் உங்கள் முன் வைக்கும் கேள்வி.

நமது சமூகத்தில் கட்டிக்கொடுத்த பெண் திரும்பி வந்தால் “வாழாவெட்டி” என்ற பெயரைச் சூட்டுகிறோம். அவளை வாழவிடாமல் வெட்டியவனுக்கு நம் மொழியில் ஒரு பெயர் இல்லை. “கல்லானாலும் கணவன்” என்ற பழமொழி அவளுக்குச் சொல்லப்படுகிறது. “அடிக்கிற கைதான் அணைக்கும்” என்ற பழமொழியும் அவளுக்கே சொல்லப்படுகிறது. அடிக்கிற கைக்குச் சொல்ல ஒரு பழமொழியை நம்மவர்கள் செய்துவைக்கவில்லை.

நாம் வாழும் கண்டிச் சீமையில் அயலவரான சிங்கள மக்களிடையே பழங்காலத்தில் வேறொரு வழக்கம் இருந்தது. கண்டிய வழக்கில் திருமணம் இருவகைப்படும். பெண் கணவன் வீட்டுக்குச் செல்வது “தீக” விவாகம். கணவன் பெண் வீட்டுக்கு வந்து வாழ்வது “பின்ன” விவாகம். தீக முறையில் வெளியே சென்ற மகள் ஆதரவற்றுத் திரும்பி வந்தால், பிறந்த வீட்டில் தங்குவதற்கும் உண்பதற்கும் அவளுக்கு உரிமை உண்டு என்று கண்டியச் சட்டம் ஏற்றிருந்தது. பின்ன முறையில் வந்த மாப்பிள்ளையோ, எந்த நேரமும் வெளியேற்றப்படலாமாகையால், கைத்தடியும் குடையாகப் பிடிக்கும் தாளிப்பனை ஓலையும் இரவு வெளிச்சத்துக்கு ஒரு விளக்கும் ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். அந்தச் சமூகத்திலும் பெண்கள் அடிபடாமல் இருந்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. மகள் திரும்பி வருவதற்கு ஒரு கதவை வழக்கமே திறந்து வைத்திருந்தது என்பதையே சுட்டிக்காட்டுகிறேன். அயல் வீட்டில் ஒரு நல்ல வழக்கம் இருந்தால் அதைக் கண்டு கற்பதில் குறைவொன்றும் இல்லை.

தலதா மாளிகைக்கு அருகே பத்தினி தேவாலயம் இருக்கிறது. எசல பெரஹராவில் வரும் ஐந்து ஊர்வலங்களுள் அந்தத் தேவாலயத்து ஊர்வலமும் ஒன்று. அந்தப் பத்தினி தெய்வம் நம்முடைய கண்ணகியே. கண்ணகியைப் பொறுமையின் வடிவம் என்று பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். ஆனால் அவள் தெய்வமானது பொறுமையாக வீட்டுக்குள் இருந்ததனால் அன்று. அநீதி நடந்தபோது கையில் சாட்சியோடு அரசன் வாயிலுக்குப் போய் வழக்குரைத்தாள். நியாயம் கேட்ட பெண்ணையே இரு இனத்தவரும் தெய்வமாக வணங்குகிறோம். அப்படியிருக்க, நம் தெருவில் ஒரு பெண் பொலிஸ் நிலையத்துக்குப் போனால், “குடும்ப மானத்தைக் கெடுத்துவிட்டாள்” என்று பேசலாமா?

இது எங்கோ சில வீடுகளில் நடக்கும் விஷயம் என்று நினைப்போரும் உளர். 2019 ஆம் ஆண்டில் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் நாடு முழுவதும் பெண்களின் நல்வாழ்வு பற்றி ஓர் ஆய்வு நடத்தியது. திருமண வாழ்வையோ அதையொத்த துணை வாழ்வையோ கண்ட பெண்களுள் நூற்றுக்கு 20.4 பேர், தம் வாழ்நாளில் துணைவனால் உடல் ரீதியாகவோ பாலியல் ரீதியாகவோ துன்புறுத்தப்பட்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதாவது ஐவரில் ஒருவர். துணைவனால் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுள் ஏறக்குறையப் பாதிப்பேர், நூற்றுக்கு 49.3 பேர், எந்த உத்தியோகபூர்வ உதவியையும் நாடவில்லை. வெட்கம், பழி வரும் என்ற பயம், சொன்னால் நம்பமாட்டார்கள் என்ற எண்ணம், இது எல்லா வீட்டிலும் உள்ளதுதானே என்ற சலிப்பு ஆகியவையே அதற்குக் காரணங்கள். இந்த மண்டபத்திலுள்ள தாய்மார்களை ஒருமுறை மனத்துக்குள் ஐந்தைந்தாக எண்ணிப் பாருங்கள். அதன்பிறகு இது யாருடைய வீட்டு விஷயம் என்று தெரியும்.

படித்தவர் வீட்டில் இது இல்லை, தோட்டத்து லயங்களில் மட்டுமே உண்டு என்று நகரத்தில் சிலர் பேசுகிறார்கள். அது தவறு. லயத்தில் காம்பராவுக்கும் காம்பராவுக்கும் ஒரு சுவர்தான். அங்கே நடப்பது அடுத்த வீட்டுக்குக் கேட்கிறது. நகரத்து மாடி வீட்டில் நடப்பது கேட்பதில்லை. இவ்வளவுதான் வேற்றுமை. அதேவேளை, தோட்டத்துப் பெண்ணுக்குத் தனிக் கஷ்டங்கள் உண்டு என்பதையும் மறுக்க முடியாது. விடியுமுன் எழுந்து, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, பிரட்டுக்குப் போய், நாள் முழுதும் கொழுந்தெடுத்தவளுடைய சம்பளத்தைப் புருஷன் கையெழுத்திட்டு வாங்கும் வழக்கம் பல காலம் இருந்தது. உழைப்பவளின் கையில் பஸ் கட்டணத்துக்குக் காசில்லை என்றால் அவள் எங்கே போவாள்? காம்பராவும் தோட்டத்துக்குரியது, வேலையும் அங்கேயே, உறவினரும் அங்கேயே. அந்தக் காம்பராவை விட்டு வெளியேறுவது உலகத்தையே விட்டு வெளியேறுவது போன்றது. மதுவும் கடனும் இந்தத் தீயில் எண்ணெய் ஊற்றுகின்றன. ஆனால் மதுவே காரணம் என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். குடித்தவன் துரையை அடிப்பதில்லை, கணக்கப்பிள்ளையை அடிப்பதில்லை. வீட்டுக்கு வந்த பிறகே கை நீளுகிறது. யாரை அடித்தால் கேட்பாரில்லை என்பது குடித்த நிலையிலும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

இனி, சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது. இந்தச் சட்டத்தின்படி, துன்புறுத்தப்படுபவர் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அவர் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரும் விண்ணப்பிக்கலாம். தாம் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடத்து நீதிமன்றத்திலேயே விண்ணப்பிக்க முடியும். ஆகையால் கலஹாவிலிருந்து மாத்தளையிலுள்ள சகோதரி வீட்டுக்கு ஓடிவந்தவள் மாத்தளையிலேயே கேட்கலாம். அவசரமென்று கண்டால் நீதவான் உடனேயே இடைக்காலக் கட்டளை வழங்கலாம். விசாரணை 14 நாட்களுக்குள் நடைபெற வேண்டும். பாதுகாப்புக் கட்டளை 12 மாதங்கள் வரை செல்லும். அடித்தல் மட்டுமன்றி, கொடிய முறையில் இடைவிடாது இழிவுபடுத்தி மனத்தைச் சிதைத்தலையும் சட்டம் வன்முறையென்றே கொள்கிறது. மனைவிக்கு மாத்திரமன்றி, தாய் தந்தையர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் முதலியோருக்கும் இது பாதுகாப்பளிக்கிறது. மகனிடம் அடிபடும் முதிய தாயாரும் இதன் நிழலில் வரலாம்.

பெரியோர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தக் கட்டளை விவாகத்தை முறிப்பதில்லை. கணவனைக் குற்றவாளியாக்கிச் சிறைக்கு அனுப்புவதுமில்லை. “அடிக்காதே, நெருங்காதே, அவள் தங்கியிருக்கும் இடத்துக்குள் நுழையாதே” என்று தடுக்கிறது. கட்டளையை மீறினால்தான் பத்தாயிரம் ரூபா வரை அபராதமோ ஒரு வருடம் வரை சிறையோ இரண்டுமோ வரும். குடும்பம் பிரிந்துவிடும் என்று பயப்படுவோர் இதைச் சிந்திக்க வேண்டும். குடும்பத்தைப் பிரிப்பது அடியே. தடுப்பவர் மேல் பழி சுமத்தலாகாது.

சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. அதை அந்தப் பெண்ணின் கைக்குக் கொண்டுவந்து சேர்ப்பது யார்? இந்த இடத்திலேதான் நான் சொல்ல வந்த ஸ்தாபனங்கள் வருகின்றன.

1987 ஆம் ஆண்டில் கொழும்பில் தொடங்கப்பட்ட “விமன் இன் நீட்” என்ற ஸ்தாபனம், துன்புறும் பெண்களுக்கு ஆலோசனையும் சட்ட உதவியும் தற்காலிகத் தங்குமிடமும் அளித்து வருகிறது. நமது கண்டியைத் தளமாகக் கொண்ட பெண்கள் அபிவிருத்தி நிலையமும் இத்துறையில் நீண்டகாலமாக உழைக்கிறது. அரசாங்க வைத்தியசாலைகள் பலவற்றில் சுகாதார அமைச்சு “நட்பு நிலையம்” என்னும் பிரிவை நடத்துகிறது. சிங்களத்தில் அதனை “மிதுரு பியச” என்பார்கள். காயத்துக்கு மருந்து கட்ட வந்தவளிடம், “இது எப்படி வந்தது?” என்று தனியே இருத்தி அன்போடு கேட்கும் தாதியர் அங்கே இருக்கிறார்கள். வழக்குப் பேசப் பணமில்லாதோருக்காக 1978 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு உதவும் தொலைபேசி இலக்கம் 1938. சிறுவர்களுக்கு 1929. உயிருக்கு ஆபத்தென்றால் பொலிஸ் அவசர இலக்கம் 119. இந்த மூன்று இலக்கங்களையும் இளைஞர்கள் இப்போதே மனனம் செய்துகொள்ளுங்கள்.

இத்தகைய அடைக்கல இல்லங்கள் மேல்நாட்டாரைப் பார்த்துச் செய்த புதுமை என்று சிலர் கருதுகிறார்கள். இங்கிலாந்தில் அடிபட்ட பெண்களுக்கான பெயர்பெற்ற முதல் இல்லம் லண்டனின் சிஸ்விக் பகுதியில் 1971 இல் தொடங்கியது என்பது உண்மை. ஆனால் நம் தமிழகத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவ்வை இல்லத்தைத் தொடங்கியது 1930 இல் அல்லவா! போக்கிடமில்லாத பெண்பிள்ளைகள் சிலர் அவருடைய வாசலுக்கு வந்தபோது, அவர்களைத் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அந்தச் செயலே அவ்வை இல்லமாக வளர்ந்தது. அதற்கு முன்னரே, சகோதரி சுப்பலட்சுமி சென்னையில் இளம் விதவைகளுக்கு இல்லம் அமைத்துக் கல்வி கொடுத்தார். 1897 இல் சுவாமி விவேகானந்தர் தங்கியிருந்த ஐஸ் ஹவுஸ் கட்டிடத்திலேயே பின்னர் அந்த விதவையர் இல்லம் நடந்தது என்பது இந்து இளைஞர்களாகிய நீங்கள் அறிந்து மகிழ வேண்டிய செய்தி. இன்றும் சென்னையில் 2001 ஆம் ஆண்டு முதல் பி.சி.வி.சி. என்ற ஸ்தாபனம் குடும்ப வன்முறைக்கு ஆளானோருக்காக உழைத்து வருகிறது. ஆகவே இந்தத் தர்மம் நமக்கு இரவல் தர்மம் அன்று.

இந்த ஸ்தாபனங்களுக்கு நாம் செய்ய வேண்டியது என்ன? அன்னதானத்துக்கு அரிசி கொடுப்பதுபோல ஒரு நாள் கொடுத்துவிட்டுப் போவதா? அதுவும் நல்லதே, ஆனால் போதாது. வெளிநாட்டு நிதியோ அரசாங்க நிதியோ வந்தால், அது ஒரு திட்டத்துக்கென்று வரும். திட்டம் முடிந்ததும் நின்றுவிடும். அடிபட்டவள் திட்டக் காலத்தைப் பார்த்து வருவதில்லை. வீட்டு வாடகை, ஆலோசகரின் சம்பளம், இரவில் ஆட்டோக்கூலி, குழந்தைக்குப் பால்மா, பாடசாலைச் சீருடை போன்றவையே மாதாமாதம் வரும் செலவுகள். பத்திரிகையில் படம் வராத செலவுகளும் இவையே. எனவே என் பணிவான யோசனைகளைக் கேளுங்கள்.

முதலாவது: சங்க அங்கத்தவர் ஒவ்வொருவரும் மாதந்தோறும் தம்மால் இயன்ற சிறு தொகையை இதற்கென ஒதுக்குங்கள். ஒருமுறை தரும் பெருந்தொகையைவிட, தவறாமல் வரும் சிறுதொகையே ஓர் இல்லத்தை நடத்த உதவும். கணக்கை ஆண்டுதோறும் சபையில் வையுங்கள்; உதவி பெற்றவரின் பெயரை மட்டும் ஒருபோதும் வையாதீர்கள்.

இரண்டாவது: மொழி. கண்டிப் பக்கத்தில் தமிழ்ப் பெண்ணொருத்தி பொலிஸ் நிலையத்துக்குப் போனால், தன் முறைப்பாட்டைத் தமிழில் எழுதுவிக்க ஆளில்லாமல் தவிக்கும் சந்தர்ப்பங்கள் உண்டு. அவள் சொல்வது ஒன்று, எழுதப்படுவது வேறொன்று. சில வேளை கணவனுடைய உறவினனே மொழிபெயர்ப்பாளனாக நிற்பான்! தமிழும் சிங்களமும் நன்கறிந்த பிள்ளைகள் நம் சங்கத்தில் பலர் இருக்கிறார்கள். இவர்களுள் பயிற்சி பெற்ற பெண் தொண்டர்கள் பத்துப்பேரின் பட்டியலை அந்த ஸ்தாபனங்களிடம் கொடுத்துவையுங்கள். பணம் கொடுக்க முடியாத மாணவியும் செய்யக்கூடிய பெருந்தானம் இது.

மூன்றாவது: தொழில். சங்கத்தில் சட்டத்தரணிகள், வைத்தியர்கள், ஆசிரியர்கள், கடை முதலாளிகள் இருக்கிறீர்கள். மாதத்தில் ஒரு பிற்பகலைச் சட்டத்தரணி கொடுக்கலாம். இடம் மாறி வந்த பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்க ஆசிரியர் உதவலாம். முதலாளி தம் கடையில் ஒரு வேலையை, பழங்கதை கேளாமல், கொடுக்கலாம். தன் கையில் சம்பளம் வந்தபிறகே ஒரு பெண் உண்மையாக விடுதலையடைகிறாள்.

நான்காவது: அடக்கம். அடைக்கல இல்லம் எங்கே இருக்கிறதென்று தெரிந்தாலும் வாய் திறவாதீர்கள். பொருள் கொடுக்கப் போனவர்கள் அங்குள்ள பெண்களோடு நின்று படமெடுக்காதீர்கள். உங்கள் கைபேசியிலிருந்து போகும் ஒரு படம், அவளைத் தேடித் திரிகிறவனுக்கு வழிகாட்டியாகிவிடும்.

ஐந்தாவது: கோயில்களிலும் அறநெறிப் பாடசாலைகளிலும் அந்த மூன்று தொலைபேசி இலக்கங்களை எழுதி, பெண்கள் தனியே நின்று பார்க்கக்கூடிய இடத்தில் ஒட்டுங்கள். இதற்குச் செலவு மிகச் சொற்பம். அன்று நான் கூட்டிய அந்த வீதியில் அப்படியொரு பலகை இருந்திருந்தால் எத்தனை உதவியாயிருக்கும் என்று நான் நினைக்காத வெள்ளிக்கிழமை இல்லை.

பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம். நம்மிடம் யாராவது வந்து அழுதால், இரு பக்கத்தாரையும் கூப்பிட்டுச் சமாதானம் செய்துவைப்பதே நமக்குப் பழக்கம். காணித் தகராறுக்கும் கடன் தகராறுக்கும் அது சரி. அடிக்கிறவனையும் அடிபடுகிறவளையும் ஒரே பாயில் இருத்தி, “இருவரும் விட்டுக்கொடுங்கள்” என்றால், அவள் எதை விட்டுக்கொடுப்பாள்? அவன் முன்னிலையில் அவள் உண்மையைச் சொல்லவும் மாட்டாள். சொன்னால் அன்றிரவு அதற்கும் சேர்த்து வாங்குவாள். ஆகவே தனியே கேளுங்கள். நம்புங்கள். “நீ என்ன செய்தாய், அவன் அடிப்பதற்கு?” என்று கேளாதீர்கள். “இன்றிரவு உனக்கு ஆபத்து உண்டா?” என்று கேளுங்கள். அதன்பின் பயிற்சி பெற்றவர்களிடம் சேர்த்துவையுங்கள். திரும்பிப் போவதா இல்லையா என்பதை அவளே தீர்மானிக்கட்டும். அவள் திரும்பிப் போனாலும் கோபித்துக்கொள்ளாதீர்கள். மறுபடி வந்தாலும் கதவைத் திறவுங்கள்.

“பெண்கள் பொய் முறைப்பாடு செய்தால்?” என்று கேட்போர் உண்டு. பொய் எந்த நீதிமன்றத்திலும் வரலாம். அதை ஆராயவே நீதவான் இருக்கிறார். பொய்ச்சாட்சி உண்டென்பதற்காகத் திருட்டு வழக்கை யாரும் நிறுத்திவிடவில்லையே! “ஆண்களும் துன்புறுத்தப்படுகிறார்களே” என்போருக்கும் சொல்கிறேன்: உண்மைதான், சட்டம் அவர்களுக்கும் வாசலை அடைக்கவில்லை.

கடைசியாக இளைஞர்களே, உங்களிடம் சில வார்த்தைகள். அடிபட்ட பிறகு மருந்திடுவது பாதி வேலை. அடிக்காத மனிதனை வளர்ப்பதே மீதி வேலை. நாம் வணங்கும் இறைவன் தன் மேனியில் பாதியை உமைக்குக் கொடுத்தவன். மாதொருபாகனைக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய் மனைவியை மாடுபோல் நடத்துகிறவன், எந்தத் தெய்வத்தைக் கும்பிட்டான்? வள்ளுவர் இல்வாழ்க்கைக்குத் தனி அதிகாரம் வகுத்தார். அன்புடைமையை அதற்குச் சற்றுப் பின்னேயே வைத்தார். நீங்கள் திருமணத்துக்குப் பெண் பார்க்கப் போகுமுன், உங்களையே பார்த்துக்கொள்ளுங்கள்: கோபம் வந்தால் என் கை என் வசத்தில் இருக்கிறதா? என் தங்கையின் சம்பளத்தை யார் வாங்குகிறார்கள்? என் நண்பன் மனைவியை அடித்ததைச் சிரித்துக்கொண்டே சொன்னபோது நானும் சிரித்தேனா? அந்தச் சிரிப்பை நிறுத்துவது நீங்கள் செய்யக்கூடிய முதல் தொண்டு. அதற்கு நிதி வேண்டியதில்லை, தீர்மானம் நிறைவேற்ற வேண்டியதில்லை.

தகப்பன்மார்களே, உங்கள் மகளை மணமேடையில் கைப்பிடித்துக் கொடுக்கும்போது, அவள் காதில் மெல்லச் சொல்லி அனுப்புங்கள்: “அம்மா, நன்றாக வாழ். ஒருநாள் அங்கே உனக்குப் பயம் வந்தால், இந்தக் கதவு உனக்குத் திறந்திருக்கும்.” நகையைவிட இந்த ஒரு சொல் அவளுக்குப் பெரிய சீதனம்.

அன்று நான் ஒருத்தியைப் பஸ் ஏற்றிவிட்டேன். அந்தப் பஸ்ஸை என்னால் திருப்பியழைக்க முடியாது. ஆனால் இனி வரும் பெண்ணை எந்தப் பஸ்ஸில் ஏற்றுவது, எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பது நம் கையில் இருக்கிறது. அவளுக்காக விளக்கேற்றிக் காத்திருக்கும் இல்லங்களுக்கு எண்ணெய் வார்ப்பது நமது கடமை. அந்தக் கடமையை இந்த ஆண்டிலேயே நமது சங்கம் தொடங்க வேண்டுமென்று உங்கள் எல்லோரையும் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

இல்லந்தோறும் அச்சம் நீங்குக. அன்பு பெருகுக.